ஆறு புள்ளி எட்டில் நின்ற தண்ணீர்

நாம் செய்ய வேண்டிய வேலையை நமக்குத் தெரியாமல் யாரோ சரியாகச் செய்துவிட்டுப் போனால், நிம்மதி அடைய வேண்டுமா, பயப்பட வேண்டுமா? எக்ஸ்ரே அக்காவின் முன் வந்து நின்ற கேள்வி இதுதான்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். கணவர் பம்ப் மெக்கானிக். பின்னறையில் ஐந்நூறு லிட்டர் மீன்தொட்டி வைத்து, அந்தத் தண்ணீரையே கூழாங்கல் பாத்திகளுக்கு ஏற்றிக் கீரை வளர்த்தவர். பதினான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் அசைவில்லை, பேச்சும் இல்லை. அக்கா கிண்டல் செய்தால் கண்களால் சிரிப்பார். அவ்வளவுதான். அக்கா அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டார். காலை எட்டுக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் பன்னிரண்டரைக்குத் திரும்புவார்.

மீன் கழிவை உரமாக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலமாக்கும். பி.எச். அளவு இறங்கிக்கொண்டே வரும். ஆறுக்குக் கீழே போனால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும், கழிவு தங்கும், மீன் சாகும். அதனால் சனிக்கிழமைதோறும் அக்கா சிறு குப்பியில் தண்ணீர் பிடித்து, சோதனைச் சொட்டு விட்டு, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார். மஞ்சள் என்றால் அளவு இறங்கிவிட்டது; சுண்ணாம்புத் தூளைக் கரைத்துத் தொட்டியின் மூலையில் ஊற்றுவார்.

ஒரு சனிக்கிழமை மஞ்சள் வரவில்லை. இளம்பச்சை. ஆறு புள்ளி எட்டு. அடுத்த வாரமும் அதேதான். அதற்கடுத்த வாரமும்.

காரணம் தேடினார். கூழாங்கல்லில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்குமோ என்று வினிகர் ஊற்றினார், நுரைக்கவில்லை. நுண்ணுயிர்கள் செத்துவிட்டனவோ என்று அம்மோனியா பார்த்தார், துளியும் இல்லை; அவை நன்றாகவே வேலை செய்தன. கடைசியாக, தலைக்கு மேல் அலமாரியில் இருந்த சுண்ணாம்பு டப்பாவை இறக்கி எடைபோட்டார். திங்களன்று நானூற்றுப் பன்னிரண்டு கிராம். வெள்ளியன்று நானூறு. இடையில் அவர் அதைத் தொடவே இல்லை.

பாத்தியில் தண்ணீர் விழும் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு ஒன்று புதிதாகத் தெரிந்தது. அங்கே ஊற்றுவது கணவரின் பழக்கம். நேரே தொட்டியில் ஊற்றினால் மீன் பதறிப்போகும் என்பார்.

அன்று கணவரின் கால்களைத் துடைக்கும்போது பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து தரையையே மிதிக்காத பாதம்போல மெத்தென்று இருந்தது.

"என்னங்க, நான் அந்தப் பக்கம் போனதும் எந்திரிச்சு நடக்குறீங்களா? நடக்கறதுதான் நடக்குறீங்க, அப்படியே ரெண்டு பாத்திரத்தையும் கழுவி வெச்சிருங்க."

கண்கள் சிரிக்கவில்லை. உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

விஷயத்தைக் கேட்ட தம்பி ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன கேமராவோடு வந்தான்.

"பேயா இருந்தாலும் நல்ல பேயாத்தான்கா இருக்கு. எங்க வீட்டுக்கும் ரெண்டு நாள் அனுப்பேன், மாடித் தொட்டி கழுவ ஆள் இல்ல."

"வாயக் கழுவுடா மொதல்ல."

"சரி சரி. பத்து நிமிஷ வேலை. மாட்டிட்டா யாருன்னு தெரிஞ்சிரும்."

"மாமாவா இருந்தா?"

"நல்லதுதானேக்கா! எந்திரிச்சிட்டாருன்னு ஊருக்கே சொல்லலாம்."

"எந்திரிச்ச மனுஷன் எங்கிட்ட ஏன்டா மறைக்கணும்?"

தம்பி ஸ்க்ரூ டிரைவரைக் கையில் உருட்டினான்.

"அவரு இல்லேன்னா?" என்றார் அக்கா, இன்னும் மெதுவாக. "அப்புறம் நான் எதை நம்பி தினமும் அந்தக் காலைப் பிடிச்சு நீட்டி மடக்கறது?"

பக்கத்து அறையில் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. இருவரும் திரும்பவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் அக்கா.

தினமும் மனிதர்களின் உள்ளே இருப்பதைப் பார்த்தே பிழைத்தவர் தன் வீட்டுக்குள் பார்க்க மறுத்தார். இதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம். கோழைத்தனம் என்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் பன்னிரண்டரைக்கு வந்தவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தன் வீட்டுக் காலிங்பெல்லை அழுத்தினார். உள்ளிருந்து வந்து திறக்க ஆள் இல்லாத வீடு. உள்ளே யாராவது தன் இடத்துக்குத் திரும்பிவிடும் அளவுக்கு, ஒரு நிமிஷம் போல வாசலிலேயே நின்றார். பிறகுதான் பூட்டைத் திறந்தார். அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் அப்படித்தான் செய்கிறார். எதிர்வீட்டுக்காரி ஒருமுறை கேட்டே விட்டாள், "யாருக்குக்கா பெல் அடிக்கிறீங்க?"

"இன்னிக்கு வெயில் ஜாஸ்தி இல்ல?" என்றார் அக்கா.