நடக்கப் போன சுளகு

எனக்குப் பத்து வயதிருக்கும். நாரந்தனையில் எங்கள் வீட்டுக்கும் ஊரின் மறு அந்தலையில் இருந்த அப்பாவின் தங்கை, என் மாமி வீட்டுக்குமாக அரிசி புடைக்கிற சுளகு ஒன்று போய்வந்துகொண்டிருந்தது. ஒருநாள் கொண்டுபோய்க் கொடுப்பது, மறுநாள் திருப்பி வாங்கி வருவது. இரண்டும் அப்பாவின் வேலை.

அப்பாவுக்கு அப்போது ஐம்பது. கால்களுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகிவிட்டன, தினமும் நடக்காவிட்டால் கால் சொல்வழி கேளாது என்று யாழ்ப்பாணத்து டொக்டர் சொல்லியிருந்தார். வலித்தால் நிற்கவேண்டும், ஆறியதும் நடக்கவேண்டும். அப்பா சுருட்டை விட்டார். அம்மா வைத்த தேங்காய்ப்பாலில்லாச் சொதியையும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். காரியமில்லாமல் வீதியில் நடக்க மட்டும் அவரால் முடியவில்லை. படலையைத் திறந்தாலே, "எங்கை அண்ணை வெளிக்கிட்டியள்?" என்று நாலு பேர் கேட்கிற ஊர். 'சும்மா' என்று சொல்ல வெட்கம். அதற்காக அம்மாவும் மாமியும் கண்டுபிடித்ததுதான் சுளகு.

இதொன்றும் எனக்குச் சொல்லப்படவில்லை. சொன்னால் ஊருக்கே சொல்லிவிடுவேன் என்பது அம்மாவின் நியாயமான பயம். அப்பா மதகடியில் நின்று ஆட்டைப் பார்ப்பார், வாசிகசாலையடியில் நின்று வானத்தைப் பார்ப்பார். கூடப் போய் நான் அலுத்துப்போனேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுளகைச் சைக்கிளில் கட்டிக்கொண்டுபோய் மாமியிடம் கொடுத்துவிட்டு வந்து, பெருமையாகச் சொன்னேன். வெளிக்கிட்டு நின்ற அப்பா கதிரையில் உட்கார்ந்தார்.

"அப்ப இண்டைக்கு வேலையில்லை" என்றார். அவர் குரலில் சந்தோசம் தெரிந்தது.

"ஆர் உன்னைக் கேட்டது?" என்றாள் அம்மா. அழுதுவிடுவாள் போலிருந்தது.

சற்று நேரத்தில் அம்மாவுக்கு மாமியின் போன் வந்தது. மாமி சொன்னது எனக்குப் பிற்காலத்தில்தான் தெரியவந்தது: "மச்சாள், சுளகு வந்திட்டுது, அண்ணையைக் காணேல்லை. எனக்குச் சுளகு வேண்டாம். அண்ணையை வந்து எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கோ."

அப்பா பெருமூச்சோடு எழும்பினார். நானும் போனேன். வழியில் ஆறு தரம் நின்றார். தண்ணீர் குடிக்க மாமியின் குசினிக்குள் போனால், சுவரில் மூன்று சுளகுகள் தொங்கின.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. திரும்பும்போது அப்பாவிடம், "மாமியிட்டையே மூண்டு சுளகு கிடக்கு. பிறகேன் எங்கடையைக் கேக்கிறா?" என்றேன்.

அப்பா மதகடியில் நின்றார். கெண்டைக்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஓம் பிள்ளை, அவள் சின்னனிலை இருந்தே பேராசைக்காரி."

அதை நம்பி இரண்டு வருடம் நான் மாமியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவளோ அந்த இரண்டு வருடமும் ஒருநாள்கூட மறக்காமல் சுளகு கேட்டுக்கொண்டே இருந்தாள்.