பவுன் காசின் விளிம்பு

என் சித்தப்பா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை செய்தார். வெள்ளைக்காரர்கள் அறையில் விட்டுப்போகும் சில்லறையில் தொடங்கியதுதான் அவருடைய நாணயச் சேகரிப்பு. அவர் பக்கத்தில் உட்கார்ந்தே அந்தப் பேச்செல்லாம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. தலை இருக்கும் பக்கம் முகப்பு, மறுபக்கம் பின்புறம். அச்சில் அடித்த காசுக்கு விளிம்பு வரிகள் கூர்மையாக இருக்கும். உருக்கி ஊற்றியது வார்ப்பு; அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய ஒட்டுக்கோடு ஓடும். வார்ப்பு என்றால் போலி. ஒன்பது வயதில் இவ்வளவு தெரிந்தவள் எங்கள் ஊர் புலாவ் செபாங்கிலேயே நான் ஒருத்திதான் என்ற நினைப்பு எனக்கு.

அத்தைக்குப் பரிசம் போட அலோர் காஜாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அத்தைக்கு முப்பத்து மூன்று வயது. இரண்டு இடம் ஏற்கெனவே தட்டிப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா தட்டில் ஒரு சங்கிலி வைத்தார். ராணி தலை போட்ட பவுன் காசு அதில் தொங்கியது. தன் மாமியார் தனக்குப் போட்டது என்றார். தட்டு கைமாறி என்னிடம் வந்தபோது காசைத் திருப்பி விளிம்பைப் பார்த்தேன்.

“சித்தப்பா, இது வார்ப்புலா. டூப்ளிகேட்டு,” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் வெளிறிப்போனது. சமையலறை வாசல் வரை வந்த அத்தை காப்பித் தட்டோடு உள்ளே திரும்பிப் போனார். அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். காசைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒட்டுக்கோட்டின் மேல் அவர் நகம் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

“பிள்ளைக்குத் தெரியல. முன்ன இதைச் சுத்தி வளையம் கட்டியிருக்காங்க. அந்தத் தடம் இது. அசல் காசுதான்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காசு விஷயத்தில் சித்தப்பா பொய் சொல்வார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

பரிசம் நடந்தது. கல்யாணமும் நடந்தது. அத்தை இன்றும் அலோர் காஜாவில்தான் இருக்கிறார்.

அன்று எல்லாரும் வேன் ஏறிய பிறகு, மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலுக்குத் திரும்பி வந்தார். சித்தப்பாவைவிட இருபது வயது மூத்தவர். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாவம், சித்தப்பா சொன்ன பொய்யை நம்பி இந்த அம்மா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.