இனாமாக வந்த இரண்டு கோல்

பந்தைத் தவறவிடுவதற்கும் தனித் திறமை வேண்டும். குதிரை நேராக ஓட வேண்டும், உடம்பு சரியாகச் சாய வேண்டும், மணிக்கட்டு மட்டும் கடைசி நொடியில் சற்றுத் தளர வேண்டும். பார்ப்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். லோகேஸ்வரனுக்கு அது நன்றாகவே வந்தது.

தீவில், ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் வளர்ந்தவன். அப்பாவுக்குப் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை என்பதால், சின்ன வயதிலேயே சேணத்தில் உட்கார்ந்துவிட்டான். பிறகு பாலம் தாண்டிப் பெருநிலத்துக்குப் போய், டத்தோ பட்டம் பெற்ற பணக்காரர் மோகனராஜின் சொந்தப் போலோ அணியில் சம்பள ஆட்டக்காரன் ஆனான்.

போலோவில் ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் திறமைக்கேற்ப ஓர் எண் உண்டு. அணியின் நால்வரின் எண்களையும் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த அணிக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே சில கோல்களைக் கொடுத்துவிடுவார்கள்.

"கப்பு வர்ற வரைக்கும் உன் நம்பர் ஏறக்கூடாது லா," என்றார் டத்தோ.

அந்தப் பருவத்தின் சின்ன ஆட்டங்களிலெல்லாம் அவன் பந்தைத் தவறவிட்டான்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவன் அக்கா குமுதாவுக்கு இது தெரியாது. லீவு போட்டுத் திடலுக்கு வந்து, தம்பி விட்ட பந்துகளுக்காக அழுதாள். கூட வந்த தோழி நவமணி, "உன் தம்பிக்குக் கண்ணாடி வாங்கிக் குடுடி. குதிரைக்கும் ஒண்ணு," என்று சிரித்ததற்கு அவளோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள். கண்பட்டுவிட்டது என்று முடிவு செய்து, கோப்பை வந்தால் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாகத் தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

கோப்பை வந்தது. இரண்டு கோல் முன்னிலையோடு தொடங்கி, ஒரு கோலில் ஜெயித்தார்கள். அன்று லோகேஸ்வரன் ஒரு பந்தையும் விடவில்லை. சிறந்த ஆட்டக்காரன் விருதும் அவனுக்கே.

குமுதா விரதம் தொடங்கினாள். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே அவன் நாளைக் கடத்தினான்.

தைப்பூசத்தன்று மஞ்சள் சேலையில், வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு அவள் மலைப்படி ஏறினாள். அவனும் கூடவே ஏறினான். தெரிந்தவர்கள் "சாம்பியன்!" என்று கைகொடுத்தார்கள். கொடுத்த கையை அவன் உடனே இழுத்துக்கொண்டான்.

"பாத்தியா தம்பி, முருகன் உன் கைய சரி பண்ணிட்டாரு."

"அக்கா, என் கைக்கு ஒண்ணும் ஆகல. வேணும்னேதான் விட்டேன். டத்தோ சொன்னாரு. நம்பர் ஏறாம இருக்க."

அவள் நின்றுவிட்டாள்.

"எல்லா மேட்சுலயுமா?"

"ஆமா."

"நான் அங்க உக்காந்து அழுதப்பவும்?"

அதற்கும் அவன் தலையாட்டினான்.

"வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. குடத்த தலையில ஏத்துனப்புறம் சொல்றியேடா. இப்ப நான் மேல போறதா, கீழ போறதா?"

பால்குடத்தை வழியில் இறக்கி வைக்கக் கூடாது. பின்னால் வந்தவர்கள் "நகருங்கக்கா" என்று நெருக்கினார்கள். குடத்தைத் தாங்க அவன் கை நீட்டினான்.

"தொடாத," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

சன்னதியில் அர்ச்சகர், அர்ச்சனை யார் பெயருக்கு என்று கேட்டார். அவன் தன் நட்சத்திரத்தைச் சொல்ல வாயெடுத்தான்.

"என் பேருக்கு சாமி," என்றாள் குமுதா.

அடுத்த பருவத்தில் வந்த பந்தையெல்லாம் லோகேஸ்வரன் அடித்தான். எண் ஏறியது. அந்த எண்ணைச் சேர்த்தால் அணியின் கூட்டுத்தொகை போட்டி அனுமதிக்கும் வரம்பைத் தாண்டும் என்று டத்தோ அவனை அணியிலிருந்து அனுப்பிவிட்டார். இப்போது ஒரு லாயத்தில் மற்றவர்களின் குதிரைகளைப் பழக்குகிறான்.

ஆயர் ஈத்தாம் பசாரில் இன்னமும் "சாம்பியன்!" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தனியாக இருந்தால் கையசைப்பான். அக்கா பக்கத்தில் நின்று காய் பொறுக்கிக்கொண்டிருந்தால், வேறு யாரையோ கூப்பிடுவதுபோல நின்றுகொள்வான்.