வெள்ளைச் சுவருக்கு நான் எழுதிய சரித்திரம்

எண்ணூர்க் கடலோரத்தில், உப்பளங்களைக் காவல் காக்க வெள்ளைக்காரன் கட்டிய ஆபீஸ் ஒன்று இருந்தது. சுதந்திரம் வந்த இரண்டு மூன்று வருஷத்தில் நான் அங்கே குமாஸ்தா. அப்போது எனக்கு நரையும் கிடையாது, அடக்கமும் கிடையாது. நரை பிற்பாடு வந்தது.

கட்டடத்தின் சரித்திரத்தை எழுதி அனுப்பச் சொல்லி மேலிடத்துக் கடிதம் வந்ததும் அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் நேரத்தில் புத்தகம் படித்துப் பிடிபட்டவன் நான் ஒருவன்தான், அதுவே தகுதியாயிற்று.

பதினொரு பக்கம் எழுதினேன். கட்டிய வெள்ளைக்காரன் யார் என்று ஒரு தாளும் சொல்லவில்லை. அதனால் தூணுக்குத் தூண் ஓர் 'இருக்கலாம்' நட்டு, ரோமாபுரி வரை போய்த் திரும்பினேன். முடிவில் ஆவேசம் வந்துவிட்டது. கடலைப் பார்த்த பெரிய சுவரின் வெள்ளை நிறம் அந்நியனின் ஆணவச் சின்னம், மாற்ற வேண்டும் என்று முடித்தேன். மேலிடம் படித்தது அந்த ஒரு வரியை மட்டும் போலிருக்கிறது. ஒரே மாதத்தில் சுவர் மணல் நிறமாயிற்று.

நாலாம் நாள் நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு மீனவர் வந்தார், என் வயதுக்காரர். சுவரை யார் மாற்றச் சொன்னது என்று விசாரித்தார். பாராட்ட வந்திருக்கிறார் என்று எண்ணி, நானேதான் என்றேன்.

அவர் சொன்ன விவரம் இது: கடலுக்குள் ஒரு பாறைத்திட்டு, மீன் கூடும் இடம். மேலே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. கட்டுமரத்திலிருந்து தெற்கே திருவொற்றியூர்க் கோபுரம், மேற்கே எங்கள் வெள்ளைச் சுவர், இரண்டும் எந்தெந்த மரத்தோடு சேர்ந்து நிற்கின்றன என்று பார்த்துத்தான் இடம் பிடிப்பார்களாம். இப்போது சுவர் மணலோடு மணலாகிவிட்டது. மூன்று நாளாகக் குப்பமே வெறும் வலையோடு திரும்பியிருந்தது.

"கோபுரம் கீது நைனா. செவுரு எங்க?" என்றார். "எங்க அப்பன், பாட்டன் எல்லாம் அத்தப் பாத்துதான் வல போட்டான். நீ எந்த பொஸ்தகத்தப் பாத்து எழுதுன?"

அந்தக் கட்டடத்தை நான் கரையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன். மீனவர் சொன்னதைப் பன்னிரண்டாம் பக்கமாக எழுதி, மேலிடத்துக்கு அனுப்பச் சொல்லி நீட்டினேன். சரித்திரம் போன மாசமே முடிந்துவிட்டது என்று அதிகாரி திருப்பித் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை, கேட் சாவி என்னிடம் இருந்தது. குப்பத்து ஆண்களும் பெண்களும் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து சுவரைப் பழையபடி வெள்ளையாக்கினார்கள். நானும் ஒரு சுண்ணாம்பு மட்டையைப் பிடித்தேன். சுவரைவிட என் சட்டைக்கு அதிகம் பூசுகிறேன் என்று பெண்கள் சிரித்தார்கள்.

திங்களன்று, 'உப்புக் காற்றில் நிறம் வெளுத்துவிட்டது' என்று குறிப்பு எழுதி வைத்தேன். அதிகாரி சுவரைப் பார்த்தார். என் நகக்கண்ணைப் பார்த்தார். காற்று பலமாகத்தான் அடித்திருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கட்டுமரங்கள் மீனோடு கரையேறின. சரித்திரத்தைத் திருத்தும் ஆசை எனக்கு இன்னும் விடவில்லை. அடையாளம் எந்த மரம், திட்டு எந்த இடம் என்று அந்த மீனவரிடம் கேட்டேன்.

வலையிலிருந்து அவர் தலை தூக்கவில்லை.

"உனுக்கு எதுக்கு நைனா? அதையும் எழுதி வச்சிடுவ."