அருள்மொழி படித்த செருப்புக் கதை

எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்தி நாவலை முக்கால்வாசி காதால் கேட்டிருக்கிறேன். அபிப்பிராயம் சொல்ல அது போதும். பூங்குழலி, நான் சொல்வதை அப்படியே எழுது, மெருகு வேண்டாம்.

படித்துக் காட்டியவள் பக்கத்து வீட்டு அருள்மொழி. புருஷன் செத்துச் சில வருஷம் ஆகிறது. ஒற்றை ஆளாக மரவள்ளி போடுவாள், ஏணி வைத்து மிளகு பறிப்பாள், மலை இறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு மூட்டையோடு போவாள். அவள் வாய்க்கு முன்னால் எந்த வியாபாரியும் நிற்க முடியாது. அப்பேர்ப்பட்டவள் அங்கே சாமி படக் கடையில் அந்த நாவலை வாங்கி வந்தாள். நாங்கள் மிளகுக் கதிரைக் காலால் மிதித்து உதிர்க்கும்போது உரக்கப் படிப்பாள்.

கதை இதுதான். சித்தி கொடுமையில் வாடும் ஒரு பெண், முருக பக்தை. திருவிழாவில் செருப்பை வாசலில் விட்டுக் கோயிலுக்குள் போகிறாள். ஜமீன் வீட்டுப் பையன் அவளைப் பார்த்து மயங்குகிறான். அவள் பயந்து வெறுங்காலோடு ஓடியதும், ஒற்றைச் செருப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தேடுகிறான். கோயில் வாசலில் செருப்பு எடுக்கிறவனுக்கு எங்கள் மலையில் வேறு பெயர். அவளோ வாயே திறப்பதில்லை. எந்நேரமும் கண்ணீர், கந்தா கந்தா என்று புலம்பல். ரெண்டு பேரைக் கட்டி அல்லாடுகிற முருகன் இவளுக்குத் தரகு வேலையும் பார்க்கணுமா என்று கேட்டேன். அருள்மொழிக்குக் கோபம் வந்துவிட்டது.

காரணம் இருந்தது. எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் ஒரு நாடு. அடுத்த நாட்டுச் சின்னுசாமி, பலாப்பழ வண்டி ஓட்டுகிறவர், பெண்டாட்டியை இழந்தவர். இவளைக் கட்டிக்கொள்ளத் தன் அக்காளை விட்டுக் கேட்டிருந்தார். இவளுக்கும் ஆசைதான். எங்கள் பக்கம் இரண்டாம் கல்யாணம் குற்றமில்லை. ஆனால் பெண்ணே ஊரார் முன்னால் சம்மதம் சொல்ல வேண்டும். இவளோ நாவலில் வரும் பெண் மாதிரி, சாமி அடையாளம் காட்டட்டும் என்று பேசாமல் இருந்தாள். மிளகுப் பறிப்பு முடிவதற்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று அந்த அக்காள் சொல்லி அனுப்பினாள்.

நாவல் விஷயம் எப்படியோ சின்னுசாமி காதுக்கும் எட்டியது. மனுஷன் ஒரு ஜோடி புதுச் செருப்பு வாங்கி, கையில் பிடித்தபடி நேரே ஊருக்குள் வந்துவிட்டார். எங்கள் ஊரில் எல்லைக் கல்லைத் தாண்டிச் செருப்பு வரவே கூடாது, அம்மன் இருக்கிற இடம். வெளியூர்க்காரருக்கு அது தெரியவில்லை. ஊர்ப் பெரியவர் அப்பாசாமி வழிமறித்தார். கூட்டம் கூடிவிட்டது.

"ஏனுங்க, யாரு ஊட்டுக்குங்க இதத் தூக்கிட்டு வந்தீங்க?" என்றார் அப்பாசாமி.

சின்னுசாமி செருப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அருள்மொழி பெயரைச் சொன்னால் அவளுக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தார் போல. அப்படியானால் இனி இந்த ஊர்ப் பக்கமே வரக்கூடாது என்று அப்பாசாமி ஆரம்பித்தார். அருள்மொழி மிளகுக் குவியல்மேல் நின்று கந்தா கந்தா என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, முருகன் பழனியில இருக்காரு, வந்து சேர நேரமாகும். நீயே பேசு" என்றேன்.

இறங்கி வந்தாள். "என்ர ஊட்டுக்குத்தானுங்க வந்தாரு. இவரத்தான் நான் கட்டிக்கப் போறேன். செருப்ப நானே கல்லுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வெக்கறனுங்க."

ஊரார் முன்னால் சொன்னது சொன்னதுதான். அப்பாசாமி வழிவிட்டார். கல்லுக்கு அந்தப் பக்கம் போய்க் காலை நுழைத்துப் பார்த்தாள். சேரவில்லை, ரொம்பச் சின்னது. சின்னுசாமி முகம் வாடிப்போனது.

"சந்தையில மாத்திக்கலாங்க, நானும் வாரேன்" என்றாள் அருள்மொழி.