தீயை நிறுத்தும் பிளாக்

விளாங்குடிப் பக்கம் ஒரு சாய ஆலையில் நான் பாய்லர் பார்த்துவந்தேன். எண்பதுகளின் கடைசியில், பாய்லரை இயக்கப் புதிதாக வாங்கிய கன்ட்ரோலரை அமைத்துக் கொடுக்க ஒருவர் வந்தார். ஒல்லியான மனிதர். அந்தக் கருவிக்குள் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'பிளாக்' உண்டு. எல்லாவற்றையும் பென்சிலால் கட்டம் கட்டமாக வரைந்து, கோடிழுத்து இணைத்துப் பார்த்த பிறகே பட்டனைத் தொடுவார்.

தண்ணீர் குறைந்தால் தீயை நிறுத்தும் பிளாக் அடிக்கடி வேலையைத் தடுக்கிறது என்று மேனேஜர் அதை எடுக்கச் சொன்னார். வந்தவரும் உடனே எடுத்துவிட்டார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, அத திரும்பப் போட்டுட்டேன். மனசு கேக்கல."

"மேனேஜருக்குத் தெரிஞ்சா?"

"நான்தேன் போட்டேன்னு சொல்லிருங்க. வெடிச்சா முன்னாடி நிக்கிறது நீங்கதான?"

பத்து நாளில் தண்ணீர் பம்ப் பழுதாகி, பாய்லர் தானாகவே அணைந்தது. நான் பிழைத்தேன். பிளாக் இருந்தது மேனேஜருக்குத் தெரிந்துபோனது. சொன்னதை மீறிவிட்டார் என்று அந்த ஒல்லி மனிதருடைய கம்பெனிக்குப் புகார் எழுதி, சாட்சிக்கு என் கையெழுத்தைக் கேட்டார். கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன்.

அவருக்கு வேலை போய்விட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். என்னைக் காப்பாற்றியவருக்கு எதிராக அன்று ஒரு கணமும் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.