இறகும் சுத்தியலும் விழுந்த ஞாயிறு

எங்கள் செம்பாக்கம் வீட்டுக்குக் கணினி வந்தது 2005இல். இணைய இணைப்பு வந்தது அடுத்த ஆண்டில். இணையத்தில் வீடியோ பார்க்கலாம் என்பதை நான் கண்டுபிடிக்க 2007 ஆகிவிட்டது. பல ஆண்டுகளாகப் புத்தகங்களில் அசையாத படங்களாகப் பார்த்தவை எல்லாம் அந்த ஆண்டில் அசைந்தன. ஆக்டோபஸ் பாறையின் நிறத்துக்கு மாறியது. காய்ந்த விதை ஒன்று தானே முறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் இறங்கியது. ஒன்றைப் பார்த்து முடித்தால், பக்கத்தில் இன்னும் பத்து வரிசையாக நின்று கூப்பிடும். அப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போனபோதுதான் அந்த வீடியோ கிடைத்தது. நிலவில் நிற்கும் ஒருவர் ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் இறகும் வைத்திருக்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் விடப்போகிறார்.

“இங்க வாயேன், சீக்கிரம்!” என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வந்து தலைப்பைப் படித்தாள். “நிறுத்துங்க. இப்ப பாக்க வேணாம். ஞாயித்துக்கெழம பசங்களோட பாக்கலாம்” என்றாள்.

அவள் அவசரமில்லாமல் சொன்னாலும் விஷயம் எனக்குத் தெரியும். வீட்டில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவள் டியூஷன் எடுத்தாள். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழும், குறுக்கே நிற்பது காற்றுதான் என்று சொல்லிக்கொடுத்தாள். அதோடு விட்டிருக்கலாம். மொட்டைமாடிக்கு அழைத்துப் போய் ஒரு கல்லையும் ஒரு தாளையும் போட்டுக் காட்டினாள். கல் தொப்பென்று விழுந்தது. தாள் காற்றில் ஆடிக்கொண்டே எதிர்வீட்டு முருங்கைமரத்துக்குப் போனது.

“அக்கா, ஒன்னோட பேப்பர் இன்னும் வந்துகிட்டே இருக்கு” என்றான், கல்தான் ஜெயிக்கும் என்று சொல்லிக்கொண்டே கூட வந்திருந்த அவள் தம்பி. பிள்ளைகள் சிரித்து ஓய வெகு நேரமாயிற்று. அடுத்த டெஸ்டில் பாதிப் பேர், கனமானதுதான் முதலில் விழும் என்று எழுதினார்கள். “கண்ணால பாத்தோமே மிஸ்” என்றார்கள். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை பிள்ளைகள் வந்தார்கள். எங்கள் இணைப்பில் வீடியோ உடனே ஓடாது. ஓடவிட்டு, உடனே நிறுத்திவிட்டு, கீழே உள்ள பட்டை நிறையும்வரை வேறு வேலை பார்க்க வேண்டும். அதுவரை கணினியை யாரும் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பட்டை முக்கால்வாசி நிறைந்திருந்தபோது மைத்துனன் தாம்பரத்திலிருந்து வந்து சேர்ந்தான். அங்கே ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் அவன் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட வகுப்புகளுக்குப் போன எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. கணினி முன்னால் உட்கார்ந்ததும் ரெஃப்ரெஷ் செய்வார்கள். செய்தால் அது சுறுசுறுப்பாகிவிடும் என்று நம்பினார்கள்.

“என்ன மாமா, ஸ்டக் ஆகி நிக்குது?” என்றபடி மைத்துனன் ரெஃப்ரெஷ் விசையைத் தட்டினான். ஒரு முறை அல்ல, பழக்கப்படி மூன்று முறை. திரை வெளுத்தது. பட்டை மறுபடி வெறுமையாக நின்றது.

“டேய்!” என்று மனைவி போட்ட சத்தத்தில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். “வேணும்னே பண்ணியாடா? தோத்துடுவோம்னு பயமா?”

“சத்தியமா இல்லக்கா! ஃப்ரெஷ்ஷா வரட்டுமேன்னு...”

“மிஸ், எங்கம்மா ஆறு மணிக்கு வரச் சொன்னாங்க” என்றாள் ஒரு சிறுமி. மனைவி என்னைப் பார்த்தாள். பிள்ளைகள் இன்று கலைந்துவிட்டால், எதிர்வீட்டு முருங்கைமரம்தான் கடைசிச் சாட்சியாக நிற்கும். பட்டை நிறையக் காத்திருக்க முடியாது. வருகிற வரையில் வரட்டும் என்று ஓடவிட்டேன்.

படம் நாலடி நடக்கும், நிற்கும். மறுபடி நடக்கும். வெள்ளை உடைக்காரர் கைகளை உயர்த்தினார். விரல்கள் பிரிந்தன. சுத்தியலும் இறகும் கையை விட்டு வெளியே வந்த நொடியில் படம் நின்றுபோனது.

பிள்ளைகள் திரையை நோக்கிக் கழுத்தை நீட்டினார்கள். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

“சுத்திதான்!”

“இல்லடா, ரெண்டும்!”

“பாரு, சுத்தி கொஞ்சம் கீழ இருக்கு!”

மைத்துனனின் கை தன்னையறியாமல் விசைப்பலகைப் பக்கம் நகர்ந்தது. மனைவி அதன் மேல் பட்டென்று ஒன்று போட்டாள். அதே நேரம் படம் நகர்ந்தது. சுத்தியலும் இறகும் சேர்ந்தே இறங்கி, சேர்ந்தே நிலவின் புழுதியில் விழுந்தன.

முதலில் விசில் அடித்தது மைத்துனன்தான். “அக்கா! சான்ஸே இல்லக்கா!” பிள்ளைகள் கட்டில் மேல் ஏறிக் குதித்தார்கள். “மிஸ், இன்னொரு வாட்டி!” இப்போது பட்டை நிறைந்திருந்ததால் வேண்டும் மட்டும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. ஒவ்வொரு முறையும் மனைவி முகம் புதிதாக மலர்ந்தது.

“நான் ரெஃப்ரெஷ் பண்ணதாலதான் இவ்ளோ க்ளியரா வந்துச்சு” என்றான் மைத்துனன். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை.

ஆறு மணிக்குப் போக வேண்டிய சிறுமி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். “மிஸ், அப்ப நெலாவுல பேப்பர் ராக்கெட் விட்டா பறக்காதா?”

“காத்து இல்லையே, எப்படிப் பறக்கும்?” என்று தொடங்கிய மனைவி நிறுத்திக்கொண்டாள். “யாராவது விட்டுப் பாத்திருக்காங்களான்னு தேடலாமா?”

சிறுமி செருப்பைக் கழற்றினாள். நான் எழுத்துகளைத் தட்ட ஆரம்பித்தேன். பட்டை மெல்ல நிறையத் தொடங்கியதும், யாரும் சொல்லாமலே, மைத்துனன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.